குணசுந்தரியின் மோதிர விரல்

புவனேசனின் சர்க்கரை அவர் மனைவியின் மோதிர விரலில் இருந்தது. பஸ் கம்பெனிக்கு ஒரு விரல் வேண்டும். யாருடையது என்று கம்பெனி கேட்கவில்லை.

விரல் கேட்டதற்குக் காரணம் உண்டு. போன வருடம் வேறொரு தடத்தில் ஒரு டிரைவர் சிக்னலில் நின்றபடியே மயங்கிப் போனார். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பஸ் நின்றுகொண்டிருந்ததால் யாருக்கும் அடியில்லை. ஓடிக்கொண்டிருந்தால் பேப்பரில் வந்திருக்கும். கம்பெனி பயந்தது பேப்பருக்குத்தான். உடனே ஒரு சட்டம் வந்தது. இனிப்பு நீர் உள்ள டிரைவர்கள் காலையில் வண்டி எடுக்குமுன் விரலைக் குத்தி மெஷினில் பார்க்க வேண்டும். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். படத்தில் மெஷினும் ரத்தத் துளியோடு விரலும் தெரிய வேண்டும். விரல் தெரிய வேண்டும் என்பது சூப்பர்வைசர் பரஞ்சோதியின் யோசனை. இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று மேனேஜரிடம் சொல்லிப் பாராட்டும் வாங்கியிருந்தார்.

ஐந்து, ஆறு என்றால் நல்ல உடம்பு. தொடர்ந்து மூன்று நாள் பத்துக்கு மேல் காட்டினால் வண்டிச் சாவி தேவனிடம் போகும். தேவன் மாற்று டிரைவர். இளைஞன். எந்த வியாதியும் இல்லை. அடுத்தவர் வண்டியில் ஏறியதும் சீட்டைப் பின்னால் தள்ளிவிடுவான். புவனேசனுக்குத் தெரிந்து அவனிடம் இருந்த ஒரே வியாதி அது.

புவனேசனுக்கு ஐம்பத்தேழு வயது. பாடாங் மேஹா தோட்டத்து ஓரத்தில் கட்டிய தாமான் குடியிருப்பில் வீடு. அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலைகளுக்கு ஓட்டுவார். விடுமுறை நாளிலும் போய் வண்டியைக் கழுவுவார். பஸ் இல்லாத புவனேசனை யாரும் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

முதல் நாள் பதிமூன்று புள்ளி எட்டு காட்டியது. மெஷின் புதுசு என்றார். மறுநாள் பதினான்கு ஆறு. முந்தின இரவு ஒரு விருந்து என்றார். அன்று மதியம் பரஞ்சோதி தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, நாளைக்கும் இப்படின்னா சாவிய தேவன்கிட்ட குடுக்கணும். எனக்கே கஷ்டமா இருக்குலா."

மறுநாள் விடியுமுன் குணசுந்தரி அடுப்பில் சட்னி தாளித்துக்கொண்டிருந்தாள். புவனேசன் மெஷினோடு பின்னால் வந்து நின்றார்.

"இந்தா, விரலக் காட்டு. இன்னைக்கு மட்டும்."

ஐந்து நான்கு.

அந்த எண்ணை அவர் வெகுநேரம் பார்த்தார். மகள் வாசுகியின் எஸ்.பி.எம். பரீட்சை முடிவைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

இன்னைக்கு மட்டும் என்றது மழைக்காலம் முடிந்தும் முடியவில்லை. தினமும் ஐந்து. சில நாள் ஐந்து எட்டு. குழுவில் பரஞ்சோதி கட்டைவிரல் போட்டார். பிறகு பூங்கொத்து போட்டார். கட்டுப்பாடு என்றால் இதுதான், மற்றவர்கள் அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதினார். ரகசியத்தைச் சொல்லும்படி கேட்டார். புவனேசன் குரல் பதிவில் சொன்னார். வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்க வேண்டும். பாகற்காயைப் பிழிந்து குடிக்க வேண்டும். இரவில் சோறு கூடாது. மாலையில் நடக்க வேண்டும். எல்லாம் மனம்தான். இதில் எதையும் அவர் செய்ததில்லை. பதிவைத் தானே போட்டுக் கேட்டபோது செய்தது போல இருந்தது.

அங்கேதான் கெட்டது. ஏமாற்றுகிறவனுக்குத் தான் ஏமாற்றுவது தெரியும். புவனேசனுக்கு நாளடைவில் அது மறந்துபோனது. காலையில் ஐந்தைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு லேசாகிவிடும். படியிறங்கும்போது கைவீசி இறங்குவார்.

ஆட்களை இறக்கிவிட்டுக் கூலிமில் அபூபக்கரின் சாப்பாட்டுக் கடையில் வந்து உட்காருவது வழக்கம். முன்பெல்லாம் சீனி இல்லாத தேநீர். இப்போது இனிப்பாக ஆற்றிய தே தாரிக், கூடவே பரோட்டா போன்ற ரொட்டி சானாய், மேலே சீனி தூவி. உங்களுக்குச் சீனி ஆகாது என்றீர்களே என்று அபூபக்கர் ஒருநாள் கேட்டார். அவருக்கும் இனிப்பு நீர். புவனேசன் கைப்பேசியை நீட்டினார்.

"அஞ்சு ரெண்டு, பாய். எனக்கெல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு."

அபூபக்கர் படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்த விரலைப் பார்த்தார். மேசைமேல் இருந்த புவனேசனின் விரல்களையும் பார்த்தார். பிறகு போய் இன்னொரு ரொட்டி வீசினார்.

கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகள் காலை, மாலை என்று இருந்தன. ஐந்து காட்டுகிறவனுக்கு மாத்திரை எதற்கு. சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் மயக்கம் வரும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். வண்டி ஓட்டும்போது மயக்கம் வந்தால் என்ன ஆவது. பயணிகளின் பாதுகாப்பை உத்தேசித்து மாத்திரையைப் பாதியாக்கினார். பிறகு நிறுத்தினார். கிளினிக் தேதிகளையும் விட்டுவிட்டார். நன்றாக இருக்கிறவன் போய் அங்கே இடத்தை அடைக்கக் கூடாது.

குழுவில் இன்னொரு டிரைவர் மனோகரனின் எண்ணும் மெல்ல இறங்கத் தொடங்கியது. அவர் போட்ட படங்களில் நகம் சின்னதாக இருந்தது.

ஜித்ராவில் குணசுந்தரியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கைநிறைய மருதாணி வைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் படம் போன கொஞ்ச நேரத்தில் பரஞ்சோதி அழைத்தார்.

"அண்ணே, மருதாணி நல்லா செவந்திருக்கு. அண்ணி கையா?"

புவனேசன் சரியாகக் கேட்காதது போல ஹலோ ஹலோ என்றார்.

"நாளையிலேர்ந்து வளையலக் கழட்டிட்டு எடுங்க. மேனேஜர் பாக்கிற குரூப்பு."

அவ்வளவுதான் விசாரணை. அந்த மாதம் இரண்டு டிரைவர்கள் பினாங்கில் லாரி ஓட்டப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த மாற்று ஆள் தேவன் ஒருவன்தான். பரஞ்சோதிக்கு எண் தேவைப்பட்டது. சர்க்கரை தேவைப்படவில்லை.

புவனேசனை உறுத்தியது மருதாணி அல்ல. அன்று மெஷின் ஏழு ஒன்று காட்டியிருந்தது. மனைவியை உட்காரவைத்து விசாரித்தார். கல்யாணத்தில் என்னென்ன சாப்பிட்டாள். சோறு என்றாள். சாம்பார், கூட்டு, ஒரு லட்டு, கொஞ்சம் பாயசம் என்றாள்.

"பாயசம் எதுக்கு?"

"கல்யாணத்துல ஊத்தினாங்க."

"நீ பாட்டுக்குக் குடிச்சிட்டு வந்துட்ட. இங்க எனக்கு ஏழு ஒண்ணு காட்டுது."

அன்றிலிருந்து அவர் தன் சர்க்கரையை உண்மையிலேயே கவனிக்க ஆரம்பித்தார். அவள் தேநீரில் சீனி நின்றது. வாழைப்பழம் நின்றது. இரவில் சோற்றுக்குப் பதில் வெள்ளரிக்காய். அதுவரை அடுப்பு பற்றவைத்தறியாதவர், காலையில் தானே பாகற்காய் அரைத்து வடிகட்டினார். அவள் தம்ளரைக் காலி செய்யும்வரை எதிரில் நின்றார். மாலையில் தாமான் திடலைச் சுற்றி நடக்கவிட்டார். திடல் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பொரித்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு, அவள் சுற்றுகளை எண்ணினார். அவள் நின்றால் கைதட்டிக் கூப்பிட்டு நடக்கச் சொன்னார்.

பக்கத்து வீட்டு நவமணி வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்தாள். இப்படிப் பார்த்துக்கொள்கிற புருஷன் எங்கே கிடைப்பான் என்றாள். தன் வீட்டுக்காரருக்குத் தான் சாப்பிட்டாளா இல்லையா என்றுகூடத் தெரியாது என்றாள். குணசுந்தரி உம் என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனாள். அவளுக்குப் பசித்தது.

குணசுந்தரி இளைத்தாள். புவனேசனின் சர்க்கரை குறைந்தது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஆரோக்கியமான டிரைவர் என்று கம்பெனி அவருக்கு ஒரு பரிசுக் கூடை கொடுத்தது. மேனேஜரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். கூடையில் கிரீம் பிஸ்கட், சாக்லேட், ஆரஞ்சு சிரப், கெட்டியான இனிப்பு டின் பால் இருந்தன. கூடையைக் கொண்டுவந்து அலமாரிக்குள் வைத்தார்.

"தொடாத. இதெல்லாம் உனக்கு ஆகாது."

வாசுகி ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். அப்பா பஸ்ஸில்தான் போய்வருவாள். டிரைவருக்குப் பின் சீட்டு. வாய் மூடாதவள். விரல் விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் பஸ் முழுக்கத் தெரியும் என்பதால் புவனேசன் சொல்லவில்லை. பஸ்ஸில் நடப்பதைத் தினமும் வந்து அம்மாவிடம் நடித்துக் காட்டுவாள்.

அப்பா பெரிய பாட்டிலில் தண்ணீர் வைத்துக் குடித்துக்கொண்டே ஓட்டுகிறார். செம்பனைக் காட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடுகிறார். போகும்போது ஒரு தடவை, வரும்போது இரண்டு தடவை. மலாய்ப் பெண்கள் வண்டிக்குத் தண்டாஸ் பஸ் என்று பேர் வைத்துவிட்டார்கள். கக்கூஸ் பஸ் எங்கேடி என்று நம் ஆட்களும் கேட்கிறார்கள். ஒருநாள் சந்திப்பில் விளக்கு சிவப்பா பச்சையா என்று அப்பா திரும்பிப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். மறுநாளும் கேட்டார்.

அப்புறம் செருப்புக் கதை. அப்பாவின் ஒரு கால் செருப்பு கழன்று படியில் கிடந்தது. அது தெரியாமலே பார்க் வரைக்கும் ஓட்டினார். இறங்கும்போது வாசுகிதான் எடுத்துக் கொடுத்தாள். வெறுங்காலில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

வாசுகி சிரித்தாள். குணசுந்தரி சிரிக்கவில்லை.

"எந்தக் காலு?"

"வலது காலுமா. பிரேக் காலு."

அன்றிரவு குணசுந்தரி கணவனிடம் மாத்திரையை எடுக்கும்படி சொன்னாள். கிளினிக்குக்குப் போய் ஒருதடவை காட்டச் சொன்னாள். பொண்ணு அந்தப் பஸ்ஸில்தான் போகிறாள் என்றாள். புவனேசன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், தனக்கு ஐந்து ஆறுதான் என்றார்.

"அது என் நம்பரு."

வீட்டில் பாதியைத் தன் பேருக்கு எழுதிக் கேட்டது போல அவர் அவளைப் பார்த்தார்.

"பஸ் போச்சுன்னா நான் என்னா பண்றது? இங்க ஒக்காந்து உனக்கு வெங்காயம் உரிக்கவா?"

வெங்காயம் உரிப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை என்று அவள் சொன்னாள். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

விரலைத் தர மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். யோசித்தாள். சொன்னால் பஸ் போகும். நீதான் பிடுங்கினாய் என்று சாகும்வரை கேட்க வேண்டும். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்தப் பஸ் வந்து நிற்கும். மெஷின் பிடுங்கினால் அந்தப் பேச்சு இல்லை. மெஷினோடு யாரும் குடித்தனம் நடத்துவதில்லை.

ஆகவே எண்ணை ஏற்றுவது என்று முடிவு செய்தாள்.

அவர் தூங்கியதும் பரிசுக் கூடையைத் திறந்தாள். ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டைத் தின்றாள். காலையில் ஐந்து ஏழு. மறுநாள் சாக்லேட். ஆறு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் செய்த கேசரியில் ஒரு கிண்ணம் எடுத்துவைத்து நெய் விட்டுச் சாப்பிட்டாள். ஐந்து ஆறு. எதைத் தின்றாலும் உடம்பு இரவோடிரவாகச் சரிசெய்துவிட்டது. அவர் அவளை அவ்வளவு நன்றாக வைத்திருந்தார். குழுவில் பரஞ்சோதி, அண்ணன் தொடர்ந்து ஒரே மாதிரி என்று எழுதினார். குணசுந்தரிக்கு அழுகை வந்தது. ஒரு வியாதிக்காக அவள் இப்படி ஏங்கியதில்லை.

ஒரு காலையில் அடுப்படியில் நின்று டின் பாலை மோதிர விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். அவர் மெஷினோடு வரும் சத்தம் கேட்டது. டின்னை மறைத்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்து நீட்டினாள்.

இருபத்திரண்டு மூன்று.

புவனேசன் வெளிறிப்போனார். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. கை பிசுபிசுத்தது. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். மறுபடி குத்தினார்.

ஐந்து எட்டு.

மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவர் மெஷினைத் திட்டிக்கொண்டே படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போனார். குணசுந்தரி குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரத்தத்தில் ஏறாத இனிப்பு தோலில் இருந்தாலும் மெஷின் எண்ணிவிடுகிறது. அதற்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்த நாள் அவருக்கு முன்னால் எழுந்தாள். டின் பாலில் ஒரு சொட்டு எடுத்துப் பத்து விரல் நுனியிலும் மெல்லிசாகத் தடவினாள். அடுப்புச் சூட்டில் காயவைத்தாள்.

பதினாறு ஒன்பது. அடுத்த விரலில் பதினெட்டு இரண்டு. இடது கையில் பதினேழு ஐந்து.

புவனேசன் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். வெள்ளரிக்காய் என்றாள். அவர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு அப்பவே தலை சுத்துற மாதிரி இருந்துச்சு."

பரஞ்சோதிக்கு அழைத்து வயிறு சரியில்லை என்றார். அன்று தேவன் வண்டி எடுத்தான். வாசுகி மாலையில் வந்து, இன்றைக்கு வண்டி செம்பனைக் காட்டில் நிற்கவே இல்லை என்றாள். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். அப்பாவைப் பார்த்ததும் அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் பத்தொன்பது. அதற்கு மறுநாளும் பதினேழு. வயிற்றுவலிக்கு மேல் சொல்ல அவரிடம் வேறு காரணம் இல்லை. நம்பரைப் போடுங்கள், இல்லையென்றால் சாவியைக் கொடுங்கள் என்று பரஞ்சோதி சொல்லிவிட்டார். மேனேஜர் பார்க்கிற குழு.

தேவன் மோட்டார் சைக்கிளில் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். அண்ணே என்று இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டான். சீட்டைப் பின்னால் தள்ளாதே என்றார் புவனேசன். தேவன் சரி என்று சொல்லிவிட்டுத் தன் நீளமான கால்களைப் பார்த்துக்கொண்டான்.

இப்போதாவது மாத்திரை சாப்பிடுவார் என்று குணசுந்தரி காத்திருந்தாள். அவள் நினைத்தது நடந்தது. புவனேசன் அலமாரியைத் திறந்தார். மாத்திரை அட்டையை எடுத்தார். தூசியை ஊதினார். இரண்டு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீரும் மொண்டுகொண்டு வந்து, அவளிடம் கொடுத்தார்.

"முழுங்கு. உனக்கு இனிப்பு நீர் வந்துருச்சு. எவ்வளவோ சொன்னேன், கேட்டியா?"

அவள் மாத்திரைகளை வாயில் போட்டுக்கொண்டாள். அடுப்படிக்குப் போய்த் தொட்டியில் துப்பினாள். இந்த மனிதரைப் பயமுறுத்தத் தன் விரல் போதாது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

மாத்திரையில் அவருக்கும் நம்பிக்கை இல்லை. உடனே இறங்க வேண்டும் என்றால் ஊசிதான் சரி. சட்டை மாற்றிக்கொண்டு அவளைக் காரில் ஏற்றினார். வழியில் எதிரே வந்த ஒரு லாரி இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. அவன் ஏன் கத்துகிறான் என்று புவனேசன் கேட்டார். குணசுந்தரி கதவின் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி பிரேமாவதி இருந்தாள். புவனேசனை அவளுக்குத் தெரியும். ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்று ஆரம்பித்தாள். புவனேசன் கையமர்த்தி, மனைவியின் அடையாள அட்டையை நீட்டினார்.

"எனக்கு இல்ல மிஸ்ஸி, இவளுக்குத்தான். பதினெட்டு காட்டுது. நல்ல மருந்தா குடுங்க. நாளைக்கே எறங்கணும், நான் வேலைக்குப் போகணும்."

ஆண்டிக்குச் சர்க்கரை இறங்கினால் அங்கிள் எப்படி வேலைக்குப் போவார் என்று மிஸ்ஸி கேட்டாள். அது குடும்ப விஷயம் என்றார் புவனேசன்.

மிஸ்ஸி குணசுந்தரியைச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரச் சொன்னாள். குத்திப் பார்த்தாள். ஐந்து மூன்று. சந்தேகத்துக்கு இன்னொரு விரலிலும் பார்த்தாள். ஐந்து இரண்டு. ஆண்டிக்கு ஒன்றுமே இல்லை என்றாள்.

புவனேசன் முகம் மலர்ந்தது. கைப்பேசியை எடுத்தார்.

"கைய எடுக்காத. அப்படியே புடி."

மெஷினையும் விரலையும் சேர்த்துப் படம் எடுத்தார். குழுவுக்கு அனுப்பினார். மிஸ்ஸி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காய்ந்து வெடித்த உதட்டைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வெள்ளை டைல்ஸில் வாசலிலிருந்து அவர் நிற்கும் இடம்வரை சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். யாருக்குக் காலில் அடி என்று கேட்டாள். யாருக்கும் இல்லை என்றார் புவனேசன். செருப்பைக் கழற்றச் சொன்னாள். நோட்டீஸ் குத்துகிற குண்டூசி ஒன்று தலைவரைக்கும் வலது பாதத்துக்குள் இறங்கியிருந்தது. புவனேசன் குனிந்து, அடுத்தவர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அங்கிள், கையக் குடுங்க."

புவனேசன் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து நீட்டினார்.

"உங்க கை, அங்கிள்."

இருபத்தொன்பது ஆறு.

மெஷின் சரியில்லை என்றார். இதே மெஷின்தான் ஐந்து இரண்டு காட்டியது என்றாள் மிஸ்ஸி. சிறுநீர் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் பர்ஹானா வந்தார். படுக்கவைத்துக் கையில் தண்ணீர் ஏற்றினார்கள். கூலிம் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். காலையும் கண்ணையும் அங்கே பார்ப்பார்களாம், ஊசி ஆரம்பிப்பார்களாம். காரிலேயே போய்விடுகிறேன், நான்தான் ஓட்டுவேன் என்றார் புவனேசன். மிஸ்ஸி கார்ச் சாவியைக் கேட்டு வாங்கிக் குணசுந்தரியிடம் கொடுத்தாள்.

என்ன வேலை என்று டாக்டர் மலாயில் கேட்டார். தொழிற்சாலை பஸ் என்றார் புவனேசன். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டார். நாற்பத்து நான்கு சீட்டு, நின்றுகொண்டும் வருவார்கள் என்று பெருமையாகச் சொன்னார். டாக்டர் அதை அட்டையில் எழுதினார். எல்லாம் கட்டுக்குள் வந்து கண் டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை எந்த வண்டியையும் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். மிஸ்ஸி குணசுந்தரியைப் பார்த்து, ஆண்டி ஏதாவது சாப்பிட்டு வாருங்கள், முகம் வாடிக் கிடக்கிறது என்றாள். வெளியே ஒரு மலாய்க்காரம்மா மேசை போட்டு, சோமாசி போல மடித்துப் பொரித்த கரிபாப் விற்றுக்கொண்டிருந்தாள். குணசுந்தரி ஒரு பை நிறைய வாங்கி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

அப்போது கைப்பேசி கிணுகிணுத்தது. புவனேசன் ஊசி குத்தாத கையால் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். எழுத்து சரியாகத் தெரியவில்லை. படிக்கச் சொல்லி அவளிடம் கொடுத்தார். ஐந்து இரண்டுக்குப் பரஞ்சோதி கட்டைவிரல் போட்டிருந்தார். கீழே எழுதியிருந்தார். வெல்கம் பேக் அண்ணே. நாளைக்கு வண்டி எடுங்க. தேவன்கிட்ட சொல்லிட்டேன்.

புவனேசனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. எழுந்து உட்காரப் பார்த்தார்.

"பாத்தியா? பஸ் வந்துருச்சு. இந்த ஊசியக் கழட்டச் சொல்லு."

குணசுந்தரி அந்தச் செய்தியை இன்னொரு தடவை படித்தாள். நாளைக்கு வாசுகிக்குக் காலை ஷிப்ட். கரிபாப்பை மடியில் வைத்துவிட்டு, குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"தம்பி பரஞ்சோதி, நான் குணசுந்தரி பேசறேன். அது என் விரலு. இதுவரைக்கும் வந்தது எல்லாம் என் விரலுதான். அவருக்கு இருபத்தொம்போது. கிளினிக்ல படுத்திருக்கார். பஸ் தேவன்கிட்டயே இருக்கட்டும்."

விரலை எடுத்தாள். பதிவு போய்விட்டது. மேனேஜர் பார்க்கிற குழு.

கொஞ்ச நேரம் கழித்து, மனோகரன் குழுவிலிருந்து வெளியேறினார் என்று வந்தது.

"நீதான் பஸ்ஸப் புடுங்கிட்ட," என்றார் புவனேசன்.

"ஆமா."

அவள் இவ்வளவு காலம் பயந்தது அந்தச் சொல்லுக்குத்தான். கேட்டபோது அதில் ஒன்றும் இல்லை. கரிபாப் சூடாக இருந்தது. உருளைக்கிழங்குக்கு நடுவில் அரை முட்டை வைத்திருந்தார்கள்.

"அது உனக்கு ஆகாது," என்றார் அவர்.

அவள் இன்னொன்றை எடுத்தாள்.

மிஸ்ஸி பிரேமாவதி மெஷினோடு வந்தாள். ஆம்புலன்ஸ் வருமுன் ஒருதடவை பார்த்துவிடுகிறேன், கையைக் கொடுங்கள் என்றாள். புவனேசன் மனைவியைப் பார்த்தார். அவளுடைய ஒரு கையில் கைப்பேசி இருந்தது. இன்னொன்றில் கரிபாப். வாய் மென்றுகொண்டிருந்தது.

அவர் தன் கையை நீட்டினார்.